கையெழுத்துக்கு முன்னால்

அறுவை அரங்கின் வாசலில் ஸ்ட்ரெச்சர் நிற்கிறது. "இங்க ஒரு கையெழுத்துப் போடும்மா" என்று படிவம் நீட்டப்படுகிறது. மூன்று பக்கம், பொடி எழுத்து. ஸ்ட்ரெச்சரில் இருக்கும் திருநங்கை படுத்தபடியே போடுகிறார். பாலின மாற்று அறுவை சிகிச்சை பற்றிய பல தவறான எண்ணங்கள் இந்தப் படிவத்துக்குள்தான் ஒளிந்திருக்கின்றன.

நம்பிக்கை: கையெழுத்து விழுந்தால் சம்மதம் கிடைத்துவிட்டது.

உண்மை: பரிசோதனைக்காக மயக்கத்தில் இருந்த பெண்ணின் கருப்பையையும் சினைப்பைகளையும், அவருடைய தாயிடம் மட்டும் கேட்டு அகற்றிய வழக்கில், அந்த ஒப்புதல் செல்லாது என்று 2008இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. என்ன சிகிச்சை, எதற்காக, மாற்று வழி உண்டா, முக்கிய ஆபத்துகள் எவை, செய்துகொள்ளாவிட்டால் என்ன ஆகும் என்பதெல்லாம் விளங்கிய பிறகு தருவதே ஒப்புதல்.

நம்பிக்கை: ஆபத்தைச் சொன்னால் பயந்துவிடுவார்கள்.

உண்மை: "எல்லாம் நல்லபடியா முடியும்" என்பது ஆறுதல், தகவல் அல்ல. திருநங்கைகளுக்கான அறுவையில் ரத்தப்போக்கு, தொற்று, சிறுநீர்த் துவாரம் சுருங்குதல், புதிய யோனிக்கும் மலக்குடலுக்கும் நடுவே துளை விழுதல், உணர்ச்சி குறைதல் ஆகியவை நேரலாம். ஒவ்வொன்றும் 100 பேரில் எத்தனை பேருக்கு வருகிறது, வந்தால் என்ன செய்வார்கள் என்று மருத்துவர் சொல்ல வேண்டும். பிறகு, "நான் சொன்னதை உங்க வார்த்தையில சொல்லுங்க" என்று கேட்க வேண்டும். பதில் தடுமாறினால், விளக்கம் போதவில்லை என்று அர்த்தம்.

நம்பிக்கை: ஆபரேஷனோடு எல்லாம் முடிந்தது.

உண்மை: புதிய யோனி சுருங்காமலிருக்க டைலேட்டர் என்னும் உருளையைத் தொடக்கத்தில் தினமும் பலமுறை செலுத்த வேண்டும், பிறகும் நெடுங்காலம் விடக் கூடாது. நாலு பேர் ஒரே அறையில் தங்கும் வீட்டில் அதற்கு மறைவிடம் உண்டா என்பதையும் முன்பே பேச வேண்டும். விதைகளை அகற்றிய பின் ஹார்மோனை நிறுத்தினால் எலும்பு பலமிழக்கும். விந்தணுவைச் சேமிக்க விரும்பினால், ஹார்மோன் தொடங்கும் முன்பே சேமிப்பது நல்லது.

நம்பிக்கை: 'நிர்வாணம்' (ஆணுறுப்பை அகற்றும் அறுவை) ஆனால்தான் முழுத் திருநங்கை.

உண்மை: பாலின அடையாளத்தை ஏற்க அறுவை சிகிச்சையை வற்புறுத்துவது சட்டவிரோதம் என்று 2014இல் நால்சா (தேசிய சட்டப் பணிகள் ஆணையம்) வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஊர்ப் பேச்சுக்கோ, உடன் இருப்பவர்களின் வற்புறுத்தலுக்கோ பணிந்து தருவது சம்மதமாகாது.

படிவத்தைச் சில நாட்களுக்கு முன்பே கேட்டு வாங்குங்கள். தமிழில் கேளுங்கள். புரியாத வரியில் பேனாவை நிறுத்துங்கள். மயக்க ஊசி ஏறும் நிமிடம் வரை "வேண்டாம்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.