குடிக்கு அடிமையான மகனும் பெற்றோர் கடமையும்



1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் பாபாசாகேப் அம்பேத்கர் மக்களை ஏற்கச் செய்த 22 உறுதிமொழிகளுள் மது அருந்தாமையும் ஒன்று. பஞ்சசீலத்தின் ஐந்தாம் சீலமும் அதுவே. இவ்வுறுதி பூண்ட இல்லத்தில் வளர்ந்த மகன் குடிக்கு அடிமையாயின், பெற்றோர் வெட்கித் தலைகுனிந்து பௌர்ணமி வழிபாட்டிற்கும் வாராதொழிகின்றனர். அன்னோர் பொருட்டே இப்பாடத்தை வரைகின்றோம்.

வினை யாருடையது? சிகாலோவாத சூத்திரத்தில் பகவன் பெற்றோர்க்குக் கூறிய கடமைகள் ஐந்து: தீமையினின்று விலக்கல், நன்மையில் நிறுத்தல், தொழில் பயிற்றல், தக்க மணம் முடித்தல், உரிய காலத்தில் உடைமையை ஒப்படைத்தல். வளர்ந்த மகனுக்காகத் தாமே சீலங்காத்தல் இவற்றுள் இல்லை. வினைக்கு உரியவன் அதைச் செய்தவனே. மேலும், ‘உரிய காலத்தில்’ என்பதை உற்றுநோக்குக. குடியின் கேடுகள் ஆறனுள் பொருளிழப்பையே அச்சூத்திரம் முதலில் வைக்கின்றது. குடிப்பவன் கையில் வீட்டுப் பத்திரத்தைக் கொடுக்கும் காலம் இன்னும் வரவில்லை என்பதே நாம் கொள்ளும் பொருள்.

இது நோயுமாகும். நெடுநாள் மிகுதியாகக் குடித்தவன் திடீரென நிறுத்தினால் கைந்நடுக்கம், வலிப்பு, சித்தக் கலக்கம் தோன்றலாம். உயிருக்கே இடர் நேரலாம். ஆதலின் அறையில் பூட்டிவைத்துக் குடியை நிறுத்த முயலாதீர். மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். சோற்றில் மறைவாக மாத்திரை கலப்பதும் தகாது. டைசல்பிராம் என்னும் மருந்தை அறியாமல் உண்டவன் பின்னர்க் குடித்தால் பேராபத்து விளையும்.

நூற்பாலையில் உழைத்தவர் அறிவர்: ஒரே கதிரில் நூல் ஓயாது அறுமாயின், இணைத்துக்கொண்டே இருப்பதால் பயனில்லை, பழுதைக் காட்டவேண்டும். மகன் கடனைத் தாய் வளையலை அடகு வைத்துத் தீர்ப்பதும், மேஸ்திரியிடம் ‘காய்ச்சல்’ என்று பொய்யுரைப்பதும் அறுந்த நூலை இணைப்பதேயன்றிப் பழுது நீக்குதல் அன்று. பொய்யால் நம்முடைய நான்காம் சீலமும் கெடும். உணவு கொடுங்கள், காசு கொடாதீர். பேரப்பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தைப் பள்ளியிலேயே செலுத்துங்கள். போதையில் இருப்பவனோடு வாதிடாது, தெளிந்த காலையில் சில சொற்களே கூறுங்கள். அவன் மனைவியை அடிக்க எழுந்தால், மருமகளுக்கும் குழந்தைகளுக்கும் அடைக்கலமாவதே முதற்கடமை.

விசுத்திமார்க்கம் நான்கு மைந்தரையுடைய தாயை உவமை கூறும். குழந்தை வளரவேண்டும் என்பது மைத்திரி. பிணியுற்றவன் நலம்பெற வேண்டும் என்பது கருணை. இளைஞன் இளமை நீடிக்க வேண்டும் என்பது முதிதை. தன் காரியத்தைத் தானே நடத்துபவனைப்பற்றிக் கவலாமை உபேக்கை. குடிக்கும் மகன் பிணியாளனும் ஆவான், வளர்ந்தவனும் ஆவான். ஆகவே கருணையும் உபேக்கையும் அவன்பால் ஒருங்கே வேண்டும். உபேக்கை கைவிடுதல் அன்று. கதவைத் திறந்துவைத்து, நாம் உறங்கக் கற்றலாம்.

தனித்துத் துயருறாதீர். குடிநோயாளரின் குடும்பத்தார் கூடித் துணைபெறும் அல்-அனான் குழுக்கள் 1951இல் அமெரிக்காவில் தோன்றி இன்று இந்தியாவிலும் கூடுகின்றன. பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் இதற்கெனத் தனிப்பிரிவு உண்டு. 14446 என்னும் அரசின் இலவசத் தொலைபேசி எண்ணிலும் வழி கேட்கலாம். திருந்தியவன் மீண்டும் வழுக்கினால், முன்பெற்ற நன்மை முழுதும் அழிந்ததென எண்ணற்க. மீண்டும் சிகிச்சைக்கு அனுப்புக.

சங்கத்தாரே! அப்பெற்றோர் வழிபாட்டிற்கு வாராதிருந்தால், அவர்தம் இல்லத்திற்கு நாம் செல்வோமாக.

நமோ புத்தாய.