கருவியிடம் வினவும் முறை

சித்திரை, வைகாசி மாதங்களில் திருநகரைச் சூழ்ந்த மதுரைச் சமவெளியில் காற்று வறண்டுவிடும்போது, பருத்திப் பாவின் இழைகள் அடிக்கடி அறுபடுவதை நெசவாளர் நன்கறிவர். மல்லிகைத் தோட்டத்தில் வேரடியின் ஈரத்தை அறியாது நீர் பாய்ச்சுவதால் நீரும் உழைப்பும் வீணாவதைப் பயிரிடுவோர் அறிவர். இரு சாராருக்கும் வேண்டுவது ஒன்றே: ஈரத்தை அளந்து நாள்தோறும் குறித்து வைத்தல். அளக்கும் கருவி உணரி எனப்படும். குறித்து வைப்பது பதிவுக்கருவி. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வட்டார அளவில் தானியங்கி வானிலை நிலையங்களை நிறுவியுள்ளது. அவை வட்டாரத்தின் பொதுநிலையைக் கூறும். நமது தறிக்கூடத்தின் நிலையை நமது கருவியே கூறவேண்டும்.

கருவியை வாங்கினால் மட்டும் போதாது. அதனிடம் வினவும் முறையும் நமக்குத் தெரிந்திருத்தல் வேண்டும். இல்லையேல் சிறு குறைக்கும் விற்றவரையே எதிர்பார்த்து நிற்க நேரும்.

1. ஊடை போலச் செல்லும் செய்தி

பாவு இழைகள் பக்கம் பக்கமாக ஒருங்கே நிற்கின்றன. ஊடையோ ஒன்றன்பின் ஒன்றாகவே செல்கிறது. உணரியின் செய்தியும் ஊடை போன்றதே. ஒரே கம்பியில் மின்துடிப்புகள் வரிசையாகச் செல்கின்றன. இதற்கென 1988-ஆம் ஆண்டில் வகுக்கப்பெற்ற பொதுமுறைக்கு எஸ்.டி.ஐ.-12 என்று பெயர். விநாடிக்கு 1,200 துடிப்புகள் என்னும் வேகத்தையே அந்த 12 குறிக்கிறது. ஓர் எழுத்துக்குப் பத்துத் துடிப்புகள் ஆதலின், விநாடிக்கு 120 எழுத்துகள் செல்லும். செய்திக்கு ஒன்று, 12 வோல்ட் மின்சாரத்திற்கு ஒன்று, தரைக்கு ஒன்று என மூன்றே கம்பிகள். நீளம் ஏறத்தாழ 200 அடி வரை இருக்கலாம்.

2. கட்டளையும் மறுமொழியும்

உணரி தானாகப் பேசாது. பாட்டரி தேயாதிருக்க அது உறங்கிக்கொண்டிருக்கும். பதிவுக்கருவி முதலில் அதனை எழுப்பி, பின்னர்ப் பெயர் சொல்லிக் கேட்கும். பெயர் என்பது ஓர் இலக்கமோ ஓர் ஆங்கில எழுத்தோ ஆகும். கட்டளையின் முடிவில் வியப்புக்குறி வரும். கீழ்வருவனவற்றில் எம், டி, ஏ என்பன ஆங்கிலப் பெரிய எழுத்துகள்.

0எம்! என்றால், "0 என்னும் உணரியே, அளந்திடு" என்பது பொருள். அது 00032 என்று விடையளித்தால், முதல் 0 அதன் பெயர். 003 என்பது மூன்று விநாடிக்குள் அளவு ஆயத்தமாகும் என்பது. 2 என்பது இரண்டு அளவுகள் உண்டு என்பது.

பின்னர் 0டி0! என்று கேட்டால் அளவுகள் வரும். 0+31.4+62.5 என வந்ததாகக் கொள்வோம். கருவியின் கையேட்டில் முதலாவது வெப்பம், இரண்டாவது காற்றின் ஈரம் என்றிருந்தால், வெப்பம் 31.4 பாகை, ஈரம் நூற்றுக்கு 62.5 என்று கொள்ளவேண்டும். வரிசையைக் கையேட்டில் பாராது ஊகித்தல் ஆகாது.

3. பெரிதும் நேரும் பிழை

புதிய உணரிகள் பெரும்பாலும் 0 என்னும் பெயருடனேயே வருகின்றன. அத்தகைய இரண்டை ஒரே கம்பியில் இணைத்தால், ஒருவரை அழைக்க இருவரும் ஒருங்கே விடை கூறுவர். சொற்கள் கலந்து குழம்பும். கருவி பழுது என்று கருதி அதனைத் திருப்பியனுப்புவோரும் உளர். பழுது கருவியில் இல்லை, பெயரில் உள்ளது.

ஆகவே உணரிகளை ஒவ்வொன்றாக இணைத்து, ?! என்று அதன் பெயரைக் கேட்க. 0ஏ1! என்று கட்டளையிட்டால் 0 என்பது 1 ஆக மாறும். பலவற்றை ஒருங்கே இணைத்த நிலையில் ?! என்று கேட்டல் கூடாது. அனைத்தும் விடை கூறிவிடும்.

4. சங்கம் செய்யத்தக்கவை

ஒவ்வோர் உணரியின் பெயர், வைத்த இடம், அளவுகளின் வரிசை ஆகியவற்றைச் சங்கப் புத்தகத்தில் எழுதி வைத்தல் வேண்டும். கம்பியிலும் சீட்டுக் கட்டுதல் நன்று. 200 அடிக்கும் மிகுந்த தொலைவுக்கு ஆர்.எஸ்.-485 என்னும் வேறு முறை உண்டு. அது 1,200 மீட்டர் வரை செல்லும். கருவி வாங்கும்போது, கட்டளைகள் யாவும் வெளிப்படையாக அச்சிடப்பட்டுள்ளனவா என்று கேட்டறிதல் இன்றியமையாதது. கட்டளையை மறைத்து விற்கப்படும் கருவியில் நம் தோட்டத்தின் கணக்குப் பிறர் பெட்டகத்தில் பூட்டப்பட்டதாகும். கணக்கு அங்கத்தினர் அனைவர்க்கும் விளங்கவேண்டும் என்பது கூட்டுறவின் நெறியன்றோ? கருவியின் கணக்கும் அவ்வாறே விளங்குதல் வேண்டும்.