மஞ்சள் அம்புகள்

பேருந்து, லாரி ஆகியவற்றின் சக்கரங்களைக் கவனித்திருக்கிறீர்களா? சிலவற்றில் நட்டுகளின்மேல் சிறிய மஞ்சள் அம்புகள் மாட்டப்பட்டிருக்கும். அவை அழகுக்காக அல்ல. நட்டுகளை இறுக்கியபின், பக்கத்து அம்புகள் ஒன்றையொன்று நோக்குமாறு பொருத்துவர். நட்டு சுழன்றால் அம்பும் திரும்பிவிடும். ஓட்டுநர் ஒரே பார்வையில் கண்டுகொள்வார். சக்கரம் நெடுஞ்சாலையில் கழன்று உருண்டால், எதிரே வருபவரின் உயிருக்கும் ஆபத்து அல்லவா?

ஆனால், சுழலாமலும் பிடி குறையலாம். அதை அம்பு காட்டாது. இறுக்கும்போது போல்ட் மிகச் சிறிதளவு நீள்கிறது. இழுத்த ரப்பர் வளையம் போல அது சக்கரத்தை அழுத்திப் பிடிக்கிறது. சக்கரத்துக்கும் அது பொருந்தும் தட்டுக்கும் இடையே துருவோ மண்ணோ தடித்த சாயமோ இருந்தால், வண்டி ஓட ஓட அது நசுங்கும்; போல்ட்டின் இழுவிசையும் குறையும். அதனால்தான், சக்கரத்தைக் கழற்றி மாட்டியபின் 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மீண்டும் சரிபார்க்கச் சொல்கிறார்கள். டயர் மாற்றியவர்களில் எத்தனை பேர் இதற்காகப் பட்டறைக்குத் திரும்புகிறார்கள்?

கார்களில் பெரும்பாலும் இந்த அம்புகள் இருப்பதில்லை. ஸ்பேனரைக் காலால் மிதித்து இறுக்குவதும் தவறு. போல்ட் அளவுக்கு மீறி நீண்டு, பின்னர் முறியக்கூடும். காரின் கையேட்டில் உள்ள அளவுக்கு, முறுக்குவிசையைக் காட்டும் ஸ்பேனரால், எதிரெதிரான நட்டுகளை மாற்றி மாற்றி இறுக்க வேண்டும்.