கடைமடைக்கும் நீர்: கணிப்பொறி வலையமைப்புக்குப் புதிய படிமுறை வகுத்தலும் மதிப்பிடுதலும்

சாலையையும் பாசன வாய்க்காலையும் போலவே கணிப்பொறி வலையமைப்பும் இன்று ஒரு பொதுச் சாதனமாக விளங்குகின்றது. நிலப் பதிவேடு, ஓய்வூதியம், தேர்வு விண்ணப்பம், மருத்துவ ஆலோசனை ஆகிய யாவும் அதன் வழியே செல்கின்றன. வாய்க்காலில் தலைமடைக்காரர் தம் விருப்பம்போல் மடையைத் திறந்துகொண்டால் கடைமடை நிலம் காய்ந்துவிடும். அதனைத் தடுக்கவே நீர்முறையும் நீர்க்கட்டியும் ஏற்பட்டனர். ஆனால், வலையமைப்பில் பங்கீட்டைக் கவனிக்கும் நீர்க்கட்டி எவரும் இல்லை. எவ்வளவு வேகத்தில் செய்தி அனுப்புவது என்பதை ஒவ்வொரு கணிப்பொறியும் தானே முடிவு செய்துகொள்கின்றது. அம்முடிவைச் செய்யும் விதிகளின் தொகுப்பே அல்காரிதம் எனப்படும் படிமுறை ஆகும். இத்தகைய படிமுறை எவ்வாறு வகுக்கப்படுகின்றது, அது நல்லதா என்பது எவ்வாறு மதிப்பிடப்படுகின்றது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகின்றது.

பொட்டலமும் வரிசையும்

வலையமைப்பில் செல்லும் செய்தி சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிக்கப்படுகின்றது. பாதைகள் கூடுமிடத்தில் உள்ள திசைவி என்னும் கருவி, ஒவ்வொரு பொட்டலத்தின் முகவரியையும் பார்த்து உரிய பாதையில் அனுப்புகின்றது. வரும் பொட்டலங்கள் செல்லும் பாதையின் திறனை மிஞ்சும்போது அவை திசைவியின் நினைவகத்தில் வரிசையாகக் காத்திருக்கும். நினைவகமும் நிரம்பிவிட்டால் புதிதாக வரும் பொட்டலம் கைவிடப்படும்.

பொட்டலம் சேர்ந்ததும் பெறுபவர் ஒப்புகை அனுப்புவார். குறித்த நேரத்துக்குள் ஒப்புகை வராவிட்டால் அனுப்பியவர் அதே பொட்டலத்தை மீண்டும் அனுப்புவார். டி.சி.பி. எனப்படும் நெறிமுறையின் அடிப்படை இதுவே. பார்வைக்கு எளிய இந்த ஏற்பாட்டிலேயே பெரும் ஆபத்து ஒன்று மறைந்திருந்தது.

1986ஆம் ஆண்டின் பாடம்

அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துக்கும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் இடையே ஏறத்தாழ 400 கெஜம் தூரமே இருந்தது. 1986ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் இவ்விரண்டுக்கும் இடையே சென்ற செய்திப் போக்கின் வேகம் நொடிக்கு 32,000 பிட் என்பதிலிருந்து 40 பிட்டாகச் சரிந்தது. அதாவது, எண்ணூறில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது.

கம்பி அறுந்ததால் இது நிகழவில்லை. வரிசை நீண்டதால் ஒப்புகை தாமதமாயிற்று. தாமதத்தை இழப்பு எனக் கருதிய கணிப்பொறிகள் அனுப்பியதையே மீண்டும் அனுப்பின. அந்நகல்கள் வரிசையை மேலும் நீட்டின. பாதை முழுவதும் நிரம்பியிருந்தும் பயனுள்ள செய்தி மிகச் சிறிதே போய்ச் சேர்ந்தது. இத்தகைய நெரிசல் வீழ்ச்சி நேரக்கூடும் என ஜான் நேகிள் 1984ஆம் ஆண்டிலேயே எச்சரித்திருந்தார்.

இந்தியாவில் மின்னணுவியல் துறை ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன் எர்நெட் என்னும் கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பைத் தொடங்கியதும் அதே 1986ஆம் ஆண்டில்தான் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. குறுகிய பாதையைப் பலர் பகிர்ந்துகொள்வது எப்படி என்னும் வினா நம் நாட்டு வலையமைப்புடன் உடன்பிறந்தது எனலாம்.

தீர்வை வான் ஜேக்கப்சன், மைக்கேல் கேரல்ஸ் ஆகியோர் வகுத்தனர். அது 1988ஆம் ஆண்டில் கட்டுரையாக வெளிவந்தது. அதன் அடிப்படை எளியது: போக்கு சீரான நிலையை அடைந்த பின்னர், பழைய பொட்டலம் ஒன்று வெளியேறிய பிறகே புதிய பொட்டலம் ஒன்று உள்ளே நுழைய வேண்டும். தொடக்கத்தில் குறைவாக அனுப்பிப் பாதையின் திறனை அறிதல், ஒப்புகை வரும் நேரத்தின் சராசரியுடன் அதன் ஏற்ற இறக்கத்தையும் கணக்கிடுதல், பொட்டல இழப்பை நெரிசலின் அறிகுறியாகக் கொண்டு வேகத்தைக் குறைத்தல் ஆகிய விதிகள் சேர்க்கப்பட்டன. இவற்றுக்காகப் புதிய கம்பி எதுவும் இழுக்கப்படவில்லை என்பது கருதத்தக்கது. அனுப்பும் கணிப்பொறிகளின் ஒழுக்கம் மாறியது, வலையமைப்பு பிழைத்தது.

கூட்டி ஏற்றுக, வகுத்து இறக்குக

வேகத்தை எவ்வாறு ஏற்றுவது, எவ்வாறு இறக்குவது என்பதற்குப் பல விதிகள் இருக்கலாம். அவற்றுள் எது சிறந்தது என்பதை டா-மிங் சியூவும் ராஜ் ஜெயினும் 1989ஆம் ஆண்டில் கணித முறையில் ஆராய்ந்தனர். ராஜ் ஜெயின் பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் கழகத்தில் பயின்றவர். அவர்கள் கண்ட முடிவை ஓர் எளிய கணக்கால் உணரலாம்.

ஒரு பாதையின் திறன் 100 அலகு எனக் கொள்வோம். அதில் முதலாமவர் 80, இரண்டாமவர் 20 அலகு பயன்படுத்துகின்றனர். பாதை நிரம்பியதும் இருவரும் வேகத்தைப் பாதியாக்குகின்றனர். 40, 10 ஆகின்றது. பின்னர் இருவரும் சம அளவில் ஏற்றுகின்றனர். தலைக்கு 25 கூடியதும் 65, 35 என மீண்டும் பாதை நிரம்புகின்றது. அடுத்த சுற்றில் 57.5, 42.5 ஆகின்றது; அதற்கடுத்து 53.75, 46.25. இடைவெளி 60, 30, 15, 7.5 எனச் சுற்றுதோறும் பாதியாகின்றது.

இதற்கு மாறாக, ஏற்றும்போதும் பெருக்கல் முறையையே கையாண்டால் 40, 10 என்பது இரட்டித்து மீண்டும் 80, 20 ஆகிவிடும். ஏற்றத்தாழ்வு என்றும் தீராது. இருவரும் சம அளவில் கழித்து இறக்கினாலும் 60 என்னும் இடைவெளி அப்படியே நிற்கும். ஆகவே கூட்டி ஏற்றுவதும் வகுத்து இறக்குவதும் சேர்ந்த விதியே நியாயத்தை நோக்கி நகர்கின்றது.

நியாயத்தையும் எண்ணால் அளக்க இயலும். அனைவரின் பங்குகளையும் கூட்டி வரும் தொகையின் வர்க்கத்தை, பங்குகளின் வர்க்கங்களின் கூட்டுத்தொகையையும் பயனாளர் எண்ணிக்கையையும் பெருக்கி வரும் எண்ணால் வகுத்தால் ஜெயின் குறியீட்டெண் கிடைக்கும். முழுச் சமநிலையில் அது 1 ஆகும். மேற்கண்ட கணக்கில் அது 0.74, 0.92, 0.98, 0.99 என உயர்வதை மாணவர் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

கணக்கின் அனுமானங்கள்

மேற்கண்ட கணக்கில் இரண்டு அனுமானங்கள் அடங்கியுள்ளன. நெரிசல் செய்தி இருவரையும் ஒரே நேரத்தில் அடைகின்றது என்பது ஒன்று. இருவருக்கும் ஒப்புகை வரும் நேரம் சமம் என்பது மற்றொன்று. நடைமுறையில் இவை பொருந்துவதில்லை.

அந்தமான் நிக்கோபார் தீவுகளை இதற்குச் சான்றாகக் காட்டலாம். சென்னையையும் அத்தீவுகளையும் இணைக்கும் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடிக் கண்ணாடி இழைத் தடம் 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் தொடங்கிவைக்கப்பட்டது. அதற்கு முன் தீவுகள் பெரிதும் செயற்கைக்கோளையே நம்பியிருந்தன. புவிநிலைச் செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேல் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் உள்ளது. எனவே, செய்தி சென்று ஒப்புகை திரும்ப ஏறத்தாழ அரை நொடி ஆகும். கண்ணாடி இழையிலோ, தடத்தின் முழு நீளத்தையும் கணக்கிட்டாலும் அதற்கு நொடியின் நாற்பதில் ஒரு பங்கு போதும்.

ஒவ்வோர் ஒப்புகைச் சுற்றுக்கும் ஒரு பொட்டலம் கூட்டுக என்னும் விதியின்படி, இழையில் இருப்பவர் தாம் ஒரே நேரத்தில் அனுப்பி வைக்கும் பொட்டலங்களின் அளவை நொடிக்கு 40 வீதம் உயர்த்திக்கொள்வார். செயற்கைக்கோளில் இருப்பவர் 2 மட்டுமே உயர்த்துவார். விதி இருவருக்கும் ஒன்றே, விளைவு ஒன்றன்று. சொற்களில் சமமாக இருக்கும் விதி தொலைவில் இருப்பவருக்குப் பாதகமாக அமையக்கூடும் என்பதை இது காட்டுகின்றது. இக்குறையைக் குறைக்கும் நோக்குடன் எழுந்தவற்றுள் கியூபிக் என்னும் படிமுறை குறிப்பிடத்தக்கது. அது கடைசி இழப்புக்குப் பின் சென்ற காலத்தைக் கொண்டு வேகத்தை ஏற்றுகின்றது. 2006ஆம் ஆண்டு முதல் லினக்ஸ் இயக்க அமைப்பு இதனையே இயல்பான படிமுறையாகக் கொண்டது.

எதைக் கொண்டு அளப்பது?

புதிய படிமுறையை முன்வைப்போர் வேகத்தை மட்டுமே காட்டுவது வழக்கம். அது போதாது. நொடிக்கு 10 லட்சம் பிட் திறனுள்ள பாதையில், 10 லட்சம் பைட் கொள்ளும் வரிசை நினைவகம் இருப்பதாகக் கொள்வோம். வரிசை நிரம்பும்வரை அனுப்பும் படிமுறை பாதையை முழுமையாகப் பயன்படுத்தும். வேகத்தில் முழு மதிப்பெண் பெறும். ஆனால், அவ்வரிசையின் இறுதியில் சேரும் பொட்டலம் வெளியேற 8 நொடி ஆகும். அப்பாதையில் தொலைபேசி உரையாடல் நடைபெற இயலாது.

சராசரி எண்ணும் ஏமாற்றக்கூடியது. நூறு கோப்புகளில் 95 ஒரு நொடியிலும் 5 நாற்பத்தொரு நொடியிலும் சேர்ந்தால் சராசரி 3 நொடி எனத் திருப்தியாகத் தோன்றும். துன்புற்ற ஐவர் அதில் மறைந்துவிடுகின்றனர். ஆகவே நிகர வேகம், தாமதம், இழப்பு, நியாயம், மாற்றத்துக்குப் பின் சமநிலை அடையும் காலம் ஆகிய ஐந்தையும் அளத்தல் வேண்டும். சராசரியுடன் மிக மோசமான நூற்றுமானங்களையும் காட்டுதல் வேண்டும்.

எங்கே சோதிப்பது?

மதிப்பீடு பொதுவாக நான்கு படிகளில் நடைபெறும். முதலாவது, கணித ஆய்வு. இது காரணத்தை விளக்கும். ஆனால் அனுமானங்களால் கட்டுண்டது. இரண்டாவது, சிமுலேஷன் எனப்படும் பாவனை முறை. என்.எஸ்.-3 போன்ற இலவச மென்பொருளில் கற்பனை வலையமைப்பை உருவாக்கி ஆயிரம் கணிப்பொறிகளின் நடத்தையையும் ஆராயலாம். மூன்றாவது, ஆய்வுக்கூடச் சோதனை. சில சாதாரணக் கணிப்பொறிகளில் லினக்ஸைக் கொண்டு தாமதத்தையும் இழப்பையும் செயற்கையாக ஏற்படுத்த இயலும். சிறு கல்லூரியும் இதனைச் செய்யலாம். நான்காவது, உண்மையான வலையமைப்பில் சிறு பகுதியில் தொடங்கிப் படிப்படியாக விரிவாக்குதல்.

எப்படியிலும் சில ஒழுங்குகள் இன்றியமையாதவை. ஒப்பீட்டுக்குப் பழைய, பலவீனமான படிமுறையை எடுக்காமல் நடைமுறையில் உள்ள சிறந்ததையே எடுக்க வேண்டும். சோதனையைப் பல முறை திரும்பச் செய்து, விடைகள் எவ்வளவு மாறுபடுகின்றன என்பதையும் தெரிவிக்க வேண்டும். படிமுறை தோல்வியுற்ற சூழ்நிலைகளையும் வெளியிட வேண்டும். இணையப் பொறியியல் பணிக்குழு 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டுதல், புதிய படிமுறை ஏற்கெனவே உள்ளவற்றுடன் நியாயமாகப் பகிர்ந்துகொள்கின்றதா என்பதையும் ஆராயுமாறு வலியுறுத்தியது.

பி.பி.ஆர். தரும் அனுபவம்

கூகுள் நிறுவனத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 2016ஆம் ஆண்டில் பி.பி.ஆர். என்னும் படிமுறையை வெளியிட்டனர். வான் ஜேக்கப்சனும் அவர்களுள் ஒருவர். இழப்பு நேரும்வரை காத்திராமல், பாதையின் திறனையும் மிகக் குறைந்த ஒப்புகை நேரத்தையும் மதிப்பிட்டு அதற்கேற்ப அனுப்புவது இதன் முறை. யூடியூபில் இதனைப் பயன்படுத்தியபோது ஒப்புகை நேரத்தின் இடைநிலை அளவு உலக அளவில் சராசரியாக 53 சதவீதமும் வளரும் நாடுகளில் 80 சதவீதத்துக்கும் மேலாகவும் குறைந்ததாக அவர்கள் தெரிவித்தனர். நீண்ட வரிசைகளால் துன்புறும் நாடுகளுக்கு இது நற்செய்தியே.

எனினும், 2017ஆம் ஆண்டில் வெளியான சுயேச்சையான ஆய்வு ஒன்று மறுபக்கத்தையும் காட்டியது. திசைவியின் நினைவகம் சிறியதாக இருக்கும்போது பி.பி.ஆர். மிகுந்த இழப்பை உண்டாக்கி, கியூபிக் பயன்படுத்துவோரின் பங்கையும் பறித்துக்கொண்டது. அதன்பின் திருத்திய வடிவங்கள் வகுக்கப்பட்டன. முதல் மதிப்பீடு பொய்யன்று, அது முழுமையானதன்று. வகுத்தவர் அல்லாத பிறர் சோதிப்பதன் தேவையை இவ்வனுபவம் நன்கு உணர்த்துகின்றது.

அதிகாரிகள் கேட்க வேண்டியவை

வலையமைப்புக் கருவிகளையும் மென்பொருள்களையும் தேர்வு செய்யும் பொறுப்பில் உள்ளோர் கணித நுட்பங்கள் அனைத்தையும் அறிந்திருக்க வேண்டியதில்லை. ஐந்து வினாக்களைக் கேட்டால் போதும். சோதனை எவ்வகைப் பாதைகளில் நடைபெற்றது? எதனுடன் ஒப்பிடப்பட்டது? மிக மோசமான நிலையில் இருந்த பயனாளர் பெற்றது என்ன? இதனைப் பயன்படுத்தாத அண்டையாருக்கு நேர்ந்தது என்ன? அனைவரும் இதனையே பயன்படுத்தினால் விளைவு என்ன?

இறுதி இரு வினாக்களே மிக முக்கியமானவை. தனியொருவருக்கு வேகம் தரும் விதி, பலர் கையாளும்போது 1986ஆம் ஆண்டின் வீழ்ச்சியை மீண்டும் அழைத்துவரக்கூடும். பொது வாய்க்காலின் நீர்முறையைத் தலைமடையில் பாயும் நீரின் வேகத்தைக் கொண்டு எவரும் மதிப்பிடுவதில்லை. கடைமடையில் பயிர் நிற்கின்றதா என்பதைக் கொண்டே மதிப்பிடுகின்றனர். வலையமைப்பின் படிமுறைக்கும் அளவுகோல் அதுவே.