ஒலுவில் ஆய்வுகள் யாருடைய சொத்து?

எங்கள் கரையில் யாரும் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் என்று முழுப்பெயர் சொல்வதில்லை. 'ஒலுவில் கெம்பஸ்' என்றால் கல்முனை முதல் பொத்துவில் வரை எல்லோருக்கும் விளங்கும். 1990ஆம் ஆண்டு வன்செயல்களுக்குப் பின் வந்தாறுமூலையிலும் யாழ்ப்பாணத்திலும் படிப்பைத் தொடர முடியாமல் நின்ற முஸ்லிம் மாணவர்களின் நிலையை முன்வைத்து, மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் போராடிப் பெற்றுத் தந்த நிறுவனம் அது. 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1996இல் முழுப் பல்கலைக்கழகமானது. கெம்பஸ் எங்களுடையது என்று சொல்வதில் இங்கே எல்லோருக்கும் பெருமை. ஆனால் அங்கே எழுதப்படும் ஆய்வுகளும் எங்களுடையவை என்று சொல்பவர்களைக் காண்பது அரிது. சட்டமும் பணமும் தடுப்பதை விடப் பிழையான சில நம்பிக்கைகள்தான் அதிகம் தடுக்கின்றன. அவை பெற்றோரிடமும் உண்டு, விரிவுரையாளர்களிடமும் உண்டு.

நம்பிக்கை: ஆய்வுக் கட்டுரைகள் கெம்பஸ் நூலகத்துக்குள் பூட்டிக் கிடக்கின்றன. வெளியாட்கள் பார்க்க முடியாது.

பார்க்கலாம். பல்கலைக்கழக நூலகம் இணையத்தில் ஒரு நிறுவனக் களஞ்சியத்தை நடத்திவருகிறது. பீடங்களின் ஆய்வுச் சஞ்சிகைகளும் ஆய்வரங்குகளில் வாசிக்கப்பட்ட கட்டுரைகளும் அங்கே இருக்கின்றன. கணக்குத் திறக்கவோ கடவுச்சொல் கேட்டு அலையவோ வேண்டாம். கைத்தொலைபேசியிலேயே இறக்கி வாசிக்கலாம். தமிழில் எழுதப்பட்ட கட்டுரைகளும் உண்டு. களஞ்சியம் இயங்குவது டிஸ்பேஸ் என்ற இலவச மென்பொருளில். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் களஞ்சியமும் அதையே பயன்படுத்துகிறது. வாசகர் காசு கொடுக்காமல், அனுமதி கேட்காமல் ஆய்வை வாசிக்கக் கிடைப்பதைத்தான் 'திறந்த அணுக்கம்' என்கிறோம். 2002 பெப்ரவரியில் வெளியான புடாபெஸ்ட் பிரகடனம் அதற்கு ஒரு தெளிவான வரையறை கொடுத்தது.

நம்பிக்கை: ஆய்வு ஆய்வாளர்களுக்குத்தான். ஊர் மக்களுக்கு அதில் என்ன வேலை?

இந்த ஒரு நம்பிக்கைதான் எங்களுக்கு அதிகம் கேடு செய்திருக்கிறது என்பது என் எண்ணம்.

கொரோனா காலத்தை எண்ணிப் பாருங்கள். தொற்றுநோயால் இறந்தவரின் உடலை எரித்தே ஆகவேண்டும் என்பது ஒரு தவறான நம்பிக்கை. எரிப்பதும் அடக்குவதும் அவரவர் பண்பாட்டையும் கையிலுள்ள வசதியையும் பொறுத்தது. 2020 மார்ச் 24இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டலில் இது எழுதியிருந்தது. உலகில் எவரும் காசில்லாமல் வாசிக்கக்கூடிய ஆவணம் அது. ஏப்ரல் 11இல் இலங்கையில் எரிப்பதைக் கட்டாயமாக்கிய வர்த்தமானி வந்தது. நிலத்தடி நீர் மாசுபடும் என்று காரணம் சொன்னார்கள். பிறந்து 20 நாளான குழந்தையின் ஜனாஸாவைக்கூட விட்டுவைக்கவில்லை. 2021 ஜனவரியில் இலங்கை மருத்துவச் சங்கம் அடக்கம் செய்யலாம் என்று அறிவித்தது. பெப்ரவரி இறுதியில் அனுமதி வந்து, மார்ச்சில்தான் ஓட்டமாவடி மஜ்மா நகரில் நல்லடக்கம் தொடங்கியது. மன்னிப்புக் கோர அமைச்சரவை முடிவெடுத்ததோ 2024 ஜூலையில்.

அந்த மாதங்களில் விஞ்ஞானத்தின் பெயரால் எங்களிடம் பேசினார்கள். அதற்கு விஞ்ஞானத்தாலேயே பதில் சொல்ல வேண்டியிருந்தது. வழிகாட்டலை வாசித்த மருத்துவர்களும் சட்டத்தரணிகளும் பக்கமும் வரியும் காட்டிப் பேசினார்கள். அவர்கள் சொன்னதை அரசு கேட்கவில்லை என்பது வேறு விடயம். அதே ஆவணம் ஒரு சந்தாச் சஞ்சிகைக்குள் பூட்டிக் கிடந்திருந்தால் அந்த வாதத்தைத் தொடங்குவதற்கே கையில் ஒன்றும் இருந்திருக்காது. திறந்திருந்த ஆவணமும் முதலில் ஆங்கிலத்தில்தான் வெளிவந்தது. மருதமுனையிலோ சாய்ந்தமருதிலோ ஜனாஸாவுக்காகக் காத்திருந்த குடும்பத்தில் எத்தனை பேர் அதைத் தம் மொழியில் வாசித்திருப்பார்கள்?

இனி ஒலுவில் கடற்கரைக்கு வாருங்கள். துறைமுகம் 2013இல் திறந்து வைக்கப்பட்டது. கடலோரமாக மணல் ஓயாமல் நகர்ந்துகொண்டிருக்கும். அலைதடுப்புச் சுவர் அந்த ஓட்டத்தை மறித்தால் ஒரு பக்கம் மணல் குவியும், மறுபக்கம் கரை கரையும். ஒலுவிலில் நடந்தது இதுதான். துறைமுக வாயிலில் மணல் மூடியது; வடக்கே நிந்தவூர்ப் பக்கமாகக் கரை அரிக்கப்பட்டு, தென்னைகளும் தோணி இழுத்துவைக்கும் இடங்களும் கடலோடு போயின. இந்தக் கடலரிப்பைப் பற்றி, துறைமுகத்துக்கு அண்மையில் இருக்கும் அந்தப் பல்கலைக்கழகத்திலேயே ஆய்வு செய்திருக்கிறார்கள். நஷ்டஈடு கேட்டு ஒரு மீனவர் சங்கம் கச்சேரிக்குப் போகும்போது, அந்தக் கட்டுரையின் வரைபடத்தைக் கையில் வைத்திருந்தால் பேச்சின் கனமே வேறு. காணியை இழந்தவருக்குத் தன் காணி எப்படிப் போனது என்று அறியும் உரிமை இருக்கிறது. அந்த ஆய்வைச் செய்த விரிவுரையாளரின் சம்பளமும் அவர் கட்டிய வரியிலிருந்துதான் போனது.

நம்பிக்கை: இலவசமாகக் கிடைப்பது தரமற்றது.

ஒரு கட்டுரையின் தரத்தைக் காப்பது அதைப் பிரசுரத்துக்கு முன் வாசித்துக் குறை சொல்லும் துறைசார் மதிப்பீட்டாளர்கள். பெரும்பாலும் அவர்களுக்குக் கூலி கிடையாது, எழுதியவருக்கும் கிடையாது. சந்தாப் பணம் போவது பதிப்பகத்துக்கு. ஆகவே வாசலில் பணம் வாங்குவதும் உள்ளே தரம் இருப்பதும் இருவேறு சங்கதிகள். தடுப்பூசிக்கும் ஓட்டிசத்துக்கும் தொடர்பு இருப்பதாகச் சொல்லி உலகையே பயமுறுத்திய கட்டுரை 1998இல் வெளிவந்தது லான்செட்டில். வைத்திய உலகில் அதைவிடப் பெயர்பெற்ற சந்தாச் சஞ்சிகைகள் மிகச் சில. 2010இல்தான் அதை விலக்கிக்கொண்டார்கள்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2013இல் 'சயன்ஸ்' சஞ்சிகைக்காக ஜோன் பொஹானன் என்ற ஊடகவியலாளர் வேண்டுமென்றே பிழைகள் நிரப்பிய போலிக் கட்டுரையை 304 திறந்த அணுக்கச் சஞ்சிகைகளுக்கு அனுப்பினார். 157 ஏற்றுக்கொண்டன. அது வெட்கக்கேடுதான். ஆனால் அப்போது உலகின் மிகப் பெரிய திறந்த அணுக்கச் சஞ்சிகையாக இருந்த பிளொஸ் வன் அதை நிராகரித்தது. ஏற்றுக்கொண்டவற்றில் பெரிய வணிகப் பதிப்பகங்களின் சஞ்சிகைகளும் இருந்தன. சஞ்சிகையைப் பார்த்துத் தெரிவு செய்யுங்கள் என்பதுதான் அதன் பாடம்.

நம்பிக்கை: திறந்த அணுக்கத்தில் வெளியிட ஆய்வாளர் பெருந்தொகை கட்ட வேண்டும்.

சில இடங்களில் உண்மை. 'நேச்சர்' சஞ்சிகை 2021இல் நிர்ணயித்த கட்டணம் 9,500 யூரோ. எங்கள் விரிவுரையாளர் ஒருவர் அதை நினைத்தும் பார்க்க முடியாது. ஆனால் திறந்த அணுக்கச் சஞ்சிகைகளின் உலக விபரக்கொத்தில் 20,000க்கு மேற்பட்ட சஞ்சிகைகள் பதிவாகியிருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை எழுதுபவரிடம் ஒரு சதமும் வாங்குவதில்லை. பல்கலைக்கழகங்களும் அறிவியல் சங்கங்களும் செலவை ஏற்று நடத்துபவை அவை. இலங்கையில் 2008இல் தொடங்கிய 'ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன்' தளத்தை இன்று தேசிய விஞ்ஞான மன்றம் நடத்துகிறது. நாட்டின் சஞ்சிகைகள் பல அங்கே திறந்தே இருக்கின்றன.

இன்னொரு வழியும் உண்டு. கட்டுரையைச் சந்தாச் சஞ்சிகையிலேயே வெளியிட்டுவிட்டு, ஏற்றுக்கொள்ளப்பட்ட கையெழுத்துப் பிரதியைத் தன் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் வைப்பது. பெரும்பாலான பதிப்பகங்கள் இதற்கு அனுமதி தருகின்றன. சில 12 அல்லது 24 மாதம் பொறுக்கச் சொல்லும். செலவு எதுவும் இல்லை. செய்யாமல் விடுவதற்குச் சோம்பலைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

இளம் விரிவுரையாளர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 'ஒரு வாரத்தில் பிரசுரிக்கிறோம், இத்தனை டொலர் அனுப்புங்கள்' என்று மின்னஞ்சலில் வரும் அழைப்புகளை நம்ப வேண்டாம். பதவி உயர்வு அவசரத்தில் அதில் விழுபவரின் பணமும் போகிறது, பெயரும் போகிறது. மேலே சொன்ன உலக விபரக்கொத்தில் சஞ்சிகையின் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நூலகரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

நம்பிக்கை: இணையத்தில் போட்டால் திருடிவிடுவார்கள். பதிப்புரிமையும் கைவிட்டுப் போகும்.

நடப்பது பெரும்பாலும் இதற்கு எதிர்மாறு. சந்தாச் சஞ்சிகைகள் பல, கட்டுரையை ஏற்கும்போதே பதிப்புரிமையை எழுதி வாங்கிக்கொள்கின்றன. அதைக் கையெழுத்திட்டுக் கொடுத்தவர்தான் தன் கட்டுரையைத் தன் மாணவருக்குப் பிரதி எடுத்துக் கொடுக்கவும் யோசிக்க வேண்டியவர். கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் வெளியிடுபவர் உரிமையைத் தானே வைத்துக்கொண்டு, பெயரைக் குறிப்பிட்டுப் பயன்படுத்தும்படி மற்றவர்களுக்கு அனுமதி கொடுக்கிறார். திருட்டும் பூட்டிய அலுமாரியில்தான் சுகமாக நடக்கும். ஆறு பிரதி மட்டும் உள்ள ஆய்வேட்டிலிருந்து ஒருவர் பத்துப் பக்கம் எடுத்தால் யாருக்குத் தெரியப்போகிறது? களஞ்சியத்தில் திகதியோடு இருக்கும் கட்டுரையிலிருந்து எடுத்தால் ஒப்புமை பார்க்கும் மென்பொருளே காட்டிக்கொடுத்துவிடும்.

இந்தப் பயம் மற்ற நிறுவனங்களைத் தடுக்கவில்லை. இந்தியாவில் ரூர்கேலா தேசியத் தொழில்நுட்பக் கழகம் 2006இலேயே தன் ஆய்வாளர்கள் கட்டுரைகளைக் களஞ்சியத்தில் வைத்தே ஆகவேண்டும் என்று விதி செய்தது. ஹாவர்டின் கலை, அறிவியல் பீடம் 2008இல் ஏகமனதாக வாக்களித்து அதே வழியில் வந்தது. ஆய்வாளரின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பியிருந்தால் களஞ்சியம் நிரம்பாது. எங்கள் பல்கலைக்கழகங்களும் இதை விதியாக்க வேண்டும்.

நம்பிக்கை: தமிழில் எழுதிய ஆய்வுக்கு மதிப்பில்லை.

இந்தியப் பல்கலைக்கழக மானியக்குழுவின் 2009ஆம் ஆண்டு விதிக்குப் பின், அங்கே கலாநிதிப் பட்ட ஆய்வேடுகள் சோத்கங்கா என்ற பொதுக் களஞ்சியத்தில் சேர்கின்றன. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் தமிழ் ஆய்வேடுகளை அக்கரைப்பற்றில் இருந்துகொண்டே வாசிக்கலாம். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் இலங்கைத் தமிழ் பேசும் மக்களின் நூல்களையும் சஞ்சிகைகளையும் திறந்து வைத்திருக்கிறது. முஸ்லிம்களின் எழுத்துகளும் அதில் உண்டு. யாரும் வாசிக்க மாட்டார்கள் என்று நினைத்திருந்தால் தன்னார்வலர்கள் இவ்வளவு பாடுபட்டிருக்க மாட்டார்கள்.

அக்கரைப்பற்றின் தாய்வழிக் குடிமுறையை 1970களில் அங்கே தங்கி ஆராய்ந்தவர் டெனிஸ் மக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர். அவருடைய நூலை 2008இல் டியூக் பல்கலைக்கழக அச்சகம் ஆங்கிலத்தில் வெளியிட்டது. அக்கறையோடு செய்யப்பட்ட பெரிய உழைப்பு. ஆனால் அவருக்குத் தங்கள் குடிக்கதையைச் சொன்ன மூதாட்டிகளின் பேரப்பிள்ளைகளில் எத்தனை பேர் அதைக் கண்ணால் கண்டிருக்கிறார்கள்? அதே ஊர்களைப் பற்றி ஒலுவிலில் இருந்து எழுதுபவர்களாவது, எழுதியதை அந்த வீடுகளுக்குத் திருப்பிக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் உயர்தரம் படிக்கும் பிள்ளை இருந்தால், களஞ்சியத்தைத் திறந்து உங்கள் ஊரின் பெயரைப் போட்டுத் தேடச் சொல்லுங்கள். அகப்பட்ட கட்டுரையைப் பள்ளிவாசல் நிருவாகத்துக்கோ விவசாய சம்மேளனத்துக்கோ மீனவர் சங்கத்துக்கோ காட்டுங்கள். விளங்காத இடத்தை எழுதியவரிடமே போய்க் கேளுங்கள். விரிவுரையாளர்களே, ஆங்கிலத்தில் எழுதும் ஒவ்வொரு கட்டுரையோடும் ஊரார் வாசித்து விளங்கும்படி தமிழில் ஒரு பக்கச் சுருக்கத்தையும் களஞ்சியத்தில் சேர்த்து வையுங்கள்.