விறைப்பு ஊசி மருந்து கலத்தினுள் புகுவது எவ்வாறு?

"கலமென்சவ்வு தேர்ந்து புகவிடும் இயல்புடையது" என்று எல்லோரும் எழுதிவிடுகிறீர்கள். அடுத்த வரியில் "ஏன்?" என்று வினவினால் பலரது பேனா நின்றுவிடுகிறது. புள்ளிகள் இழக்கப்படுவது அங்கேதான். ஒரு மருந்தைப் பின்தொடர்ந்து சென்று அந்த "ஏன்" என்பதை விளங்கிக்கொள்வோம்.

1. மென்சவ்வின் அமைப்பு

கலமென்சவ்வு பிரதானமாகப் பொசுபோலிப்பிட்டு மூலக்கூறுகளின் இரு படைகளாலும் புரதங்களாலும் ஆனது. அதன் தடிப்பு ஏறத்தாழ 5 நனோமீற்றர். பொசுபோலிப்பிட்டின் தலைகள் நீரை நாடுவன. அவை இருபுறமும் நீரை நோக்கி இருக்கும். வால்கள் நீரை வெறுப்பன. அவை நடுவில் எண்ணெய்ப் படலம் போல் அமையும். ஆகவே, ஏற்றமுள்ள துணிக்கைகள் அப்படலத்தை இலகுவில் கடக்கமாட்டா. இலிப்பிட்டில் கரையும், ஏற்றமற்ற சிறு மூலக்கூறுகள் கடக்கும்.

2. லிடோகெயின் என்னும் மருந்து

பல் பிடுங்குமுன் ஏற்றப்படும் விறைப்பு ஊசியில் பெரும்பாலும் இருப்பது இதுவே. 1943 இல் சுவீடனைச் சேர்ந்த நில்ஸ் லொவ்கிரென் இதனைத் தயாரித்தார். உடலில் இது இரு வடிவங்களில் காணப்படும்.

• ஏற்றமற்ற வடிவம் (ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு): மென்சவ்வைக் கடக்கும்.
• நேரேற்றமுள்ள வடிவம்: இலகுவில் கடக்காது.

நரம்புக் கலத்தினுள் புகுந்த மூலக்கூறுகளிற் பல மீண்டும் ஐதரசன் அயனை ஏற்று நேரேற்றம் பெறும். அவை சோடியம் அயன்கள் செல்லும் புரத வழியை உட்புறமாக அடைக்கும். கணத்தாக்கம் தடைப்படும், வலி உணரப்படாது.

3. கணினி மாதிரி

ஒரு தனி மூலக்கூறு மென்சவ்வைக் கடப்பதை நுணுக்குக்காட்டியால் அணு அணுவாகப் பார்க்க முடியாது. ஆகவே விஞ்ஞானிகள் கணினியின் உதவியை நாடுகின்றனர்.

(அ) மென்சவ்வு, நீர், மருந்து ஆகியவற்றின் அணுக்களைக் கணினியில் அமைத்தல்.
(ஆ) ஒவ்வோர் அணுவின் மீதும் தாக்கும் விசையைக் கணித்தல்.
(இ) விசை = திணிவு × ஆர்முடுகல் என்பதிலிருந்து ஆர்முடுகலைப் பெறல்.
(ஈ) அணுக்களைச் சற்றே நகர்த்தி, மீண்டும் (ஆ) இலிருந்து தொடங்கல்.

நீங்கள் கற்கும் நியூற்றனின் இரண்டாம் விதியே இங்கும் பயன்படுகிறது! ஒரு படி வழமையாக 2 பெம்ரோசெக்கன். இதன்படி ஒரு மைக்குரோசெக்கனைக் காண 50 கோடி படிகள் தேவை. இக்கணிப்புகளில், ஏற்றமற்ற லிடோகெயின் வால்களிடையே புகுவதும், ஏற்றமுள்ளது தலைகளின் அருகே தங்குவதும் தெரிகின்றன.

கவனிக்க: விசைகள் அண்ணளவானவை. எனவே கணினி தரும் விடை பரிசோதனையுடன் ஒப்பிடப்பட வேண்டும். சிக்கலான இரசாயனத் தொகுதிகளுக்குக் கணினி மாதிரிகளை உருவாக்கியமைக்காக கார்ப்ளஸ், லெவிற், வார்ஷல் ஆகியோர் 2013 இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசைப் பெற்றனர்.

மாதிரி வினா

சீழ் பிடித்த பல்லருகே விறைப்பு ஊசி நன்கு பயனளிக்காமைக்கு ஒரு காரணம் தருக.

விடை: அங்கு அமிலத்தன்மை கூடுதலாகும். ஐதரசன் அயன்களை ஏற்பதால் ஏற்றமற்ற மூலக்கூறுகள் குறையும். எனவே மென்சவ்வைக் கடக்கும் மருந்தின் அளவும் குறையும்.

இவ்விடையைப் பாடமாக்க வேண்டாம். மென்சவ்வின் படத்தை வரைந்து, மருந்து செல்லும் வழியை அம்புக்குறியால் காட்டிப் பாருங்கள். காரணம் தானாகவே வரும்.