மறைகுறியும் கோப்பு வகையும்

ஒரு கூட்டத்தார் பிறர் உணராவண்ணம் தமக்குள் வழங்கும் சொல்லைக் குழூஉக்குறி என்பது நன்னூல் வழக்கு. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பது அதற்கு எடுத்துக்காட்டு. அச்சொல் வெளிப்பட்டால் மறைவும் ஒழியும். இக்காலக் கணினி மறைகுறி அத்தகையதன்று. முறையை உலகறிய வெளியிட்டுத் திறவுகோலை மட்டும் மறைத்து வைப்பது அதன் இயல்பு. 2001 ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு நியமமாக ஏற்ற ஏ.ஈ.எஸ். முறை அவ்வகையினது.

2004 டிசம்பர் 26 இல் எழுந்த ஆழிப்பேரலையில் சாய்ந்தமருது முதலிய கரையோர ஊர்களின் வீடுகளோடு சான்றிதழ்களும் அழிந்தன. ஆதலின் ஆவணங்களைக் கணினியிற் படியெடுத்து, பிறர் காணாது மறைத்து, வேறிடத்தும் வைத்தல் நம்மனோர்க்கு வேண்டுவதாயிற்று. அதற்கு எம்முறை தக்கது?

எழுத்து, படம், ஒலி எனப் பலவகைக் கோப்புகளை மறைத்து நேரம் அளக்கும் மாணவர் சிலர், "இம்முறை எழுத்துக்கு நன்று, அம்முறை படத்துக்கு நன்று" என முடிபு கூறுவர். அது பொருந்தாது. ஏ.ஈ.எஸ். கோப்பினைப் பதினாறு பதினாறு பைற்றுகளாகக் கொண்டு மாற்றுவது. அவை கவிதையோ ஒளிப்படமோ என்பதை அது அறியாது. நீளம் ஒத்தால் நேரமும் ஒக்கும். படம் தாமதிப்பது அது பெரிதாய் இருத்தலினாலேயே.

தமிழெழுத்தையே நோக்குக. 'தமிழ்' மூன்றெழுத்துச் சொல். யூனிகோட் முறையில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள் பெறும். யூ.ரி.எஃப். 8 வடிவில் ஒவ்வொன்றும் மூன்று பைற்று, ஆகப் பதினைந்து. ஒன்றை நிரப்பினால் ஒரு தொகுதி முற்றும். 'சாய்ந்தமருது' என்பதோ ஏழெழுத்து, 12 குறியீடு, 36 பைற்று. மூன்று தொகுதி வேண்டும். ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லுக்கு ஐந்து பைற்றே போதும். வேறுபாடு அளவின்பாற்பட்டதேயன்றி மொழியின்பாற்பட்டதன்று.

எனினும் கோப்பு வகை பொருளாகும் இடங்கள் இரண்டு உள. ஒன்று, சுருக்குதல். எழுத்துக் கோப்பில் ஒரே தொடர் மீண்டும் மீண்டும் வருதலின் அது நன்கு சுருங்கும். ஜேபெக் படமும் எம்.பி. 3 ஒலியும் முன்னரே சுருங்கியவை. சுருக்கிய பின்னரே மறைத்தல் வேண்டும். மறைத்தபின் சுருக்க இயலாது. மற்றொன்று, ஒவ்வொரு தொகுதியையும் தனித்தனியே மறைக்கும் எளிய வழி. அதில் ஒத்த தொகுதி ஒத்த விடையே தரும். சுருக்கப்படாத படத்தின் உருவம் மறைத்த பின்னும் புலப்படும். இவ்வழியை விலக்குக.

முறைகளை ஒப்பிடுவோர் கணினி, கோப்பின் அளவு, திறவுகோல் நீளம் ஆகியவற்றை ஒன்றாக நிறுத்திப் பலமுறை அளத்தல் வேண்டும். ஏ.ஈ.எஸ். கட்டளைகளைத் தன்னகத்தே கொண்ட கணினியில் அம்முறை மிக விரைந்தியங்கும். அவையில்லாத சிறு கருவியில் 2008 இல் வந்த சாச்சா 20 பெரும்பாலும் முந்தும். ஆகவே முறையைத் தெரிதற்குக் கருவியை நோக்குக; கோப்பின் வகையை அன்று.

இறுதியாக ஒன்று. திறவுகோலைத் தொலைத்தவர்க்கு மறைத்த கோப்பு கடல்கொண்ட கோப்பே. அதனையும் ஈரிடத்துக் காத்தல் அறிவுடையார் கடன்.